'கெலிங்': அரசனின் நாட்டுப் பெயர் வசவான கதை

[திரையில்: பினாங்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயர்ப்பலகை]

'கெலிங்' என்பது இந்தியரை, குறிப்பாகத் தமிழரைக் குறிக்கும் மலாய்ச் சொல். மலேசியத் தமிழர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். பலருக்கு அது பள்ளித் திடலில் கேட்ட வசவு. ஆனால் இந்தப் பள்ளிவாசலை எழுப்பியவரே தமிழ் முஸ்லிம்களின் தலைவர். பெயரில் கெலிங் இருந்ததில் அவருக்குக் கூச்சமில்லை.

முதலில் ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவிடுவோம். இந்தியக் கைதிகளின் கால்சங்கிலி 'கிளிங் கிளிங்' என்று ஒலித்ததால் வந்த பெயராம்! ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். சொல்லோ 11ஆம் நூற்றாண்டு ஜாவா சாசனங்களிலேயே இருக்கிறது. அதன் வேர் கலிங்கம். அந்தச் சாசனங்கள் கெலிங், பாண்டியர், திராவிடர் என்று தனித்தனியாகப் பட்டியல் போடுகின்றன. அதாவது அப்போது கெலிங் வேறு, நம்மவர் வேறு.

[திரையில்: ஜாவியில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய பழைய மலாய்க் கையெழுத்துப் பிரதி]

மலாய் இலக்கியத்துக்குள் வரும்போது வட்டம் விரிந்து, தமிழரும் அதற்குள் வந்துவிட்டார்கள். மலாய் அரசர்களின் பழைய வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' சொல்லும் 'பெனுவா கெலிங்', அதாவது கெலிங் நாடு, பேரரசர்களின் நாடு. அந்நாட்டு மன்னன் ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிக் கடலடிக்குப் போய், அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். மலாக்கா சுல்தான்களின் வம்சம் இவன் வழியாகத்தான் வருகிறதாம். புராணம்தான், சரி. ஆனால் திட்டுவதற்கு வைத்திருக்கும் பெயரை யாராவது தன் பாட்டனார் ஊருக்கு வைப்பார்களா? ஹங் துவா என்ற வீரனின் கதையான 'ஹிக்காயத் ஹங் துவா'விலும் அந்த மலாய் வீரன் கெலிங் நாட்டுக்குத் தூது போவது பெருமையாகத்தான் வருகிறது.

அப்புறம் மலாக்காவில் பிறந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. 1840களில் எழுதிய தன்வரலாற்றில், சிறுவயதில் 'கெலிங் மொழி' படித்ததைச் சொல்கிறார். அது தமிழ்தான். மலாக்காவில் கணக்கு வழக்கெல்லாம் அதில் நடந்ததால், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் படித்தார்களாம்.

பிறகு கரும்பும் காப்பியும் ரப்பரும் வந்தன. கணக்கு எழுதியவன் இருந்த இடத்தில் தோட்டக் கூலி தெரிந்தான். கள்ளுக் குடித்த கெலிங் என்று பழமொழியே கிளம்பியது. இன்றைக்கு 'பழைய நூலில் இருக்கிறதே, சொன்னால் என்ன?' என்று வாதாடுபவர்கள் உண்டு. அந்த நூலில் கெலிங் அரசனாக வருகிறானய்யா, நீங்கள் சொல்லும்போதா அப்படி வருகிறான்?

[திரையில்: சிங்கப்பூர்த் தெருப் பலகை]

சிங்கப்பூரில் கிளிங் தெரு (கெலிங்கைத்தான் ஆங்கிலத்தில் அப்படி எழுதினார்கள்) 1921-இல் சூலியா தெரு ஆனது. சூலியாவும் சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பழைய சொல்தான். ஆனால் அது தோட்டத்துப் பக்கம் போகவில்லை, அதனால் வசவாகவும் ஆகவில்லை.