கூரையும் முற்றமும்: ஜெஃப்ரி பாவா குறித்து ஓர் உரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் இந்தத் தேசிய நூலகக் கட்டடத்துக்குள் சற்று முன் எப்படி நுழைந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். விக்டோரியா ஸ்திரீட்டிலிருந்து வந்தவர்களை முதலில் வரவேற்றது கண்ணாடிக் கதவல்ல. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்று தாராளமாக ஓடும் நிழலான ஒரு வெளி. மின்தூக்கி ஏறுவதற்கு முன் அங்கே நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். 2005இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யங். நம்மைப் போன்ற வெயில் நாட்டில் உயரக் கட்டடம் எப்படி மூச்சுவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கேள்வி. அந்தக் கேள்வியை அவருக்கு ஒரு தலைமுறை முன்பே கொழும்பில் ஒருவர் எடுத்துக்கொண்டார். அவர்தான் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா.

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. நாம் 1 பாகைக்குச் சற்று மேலே. அங்குள்ள வெயில்தான் இங்கும், அங்கே அடிக்கும் சாரல்தான் இங்கும். ஆகவே பாவாவின் வேலை நமக்கு அயல்வீட்டுச் செய்தி அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1919இல் பிறந்தவர். தந்தை வழியில் இஸ்லாமியர், ஆங்கிலேயர். தாய் வழியில் பறங்கியர், அதாவது ஐரோப்பிய வம்சாவளி இலங்கையர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியமும் பிறகு இலண்டனில் சட்டமும் படித்து வழக்கறிஞரானார். தொழில் மனத்தில் ஒட்டவில்லை. உலகம் சுற்றினார், இத்தாலியில் வீடு வாங்கிக் குடியேற நினைத்தார், அது கைகூடவில்லை. 1948இல் ஊர் திரும்பி, பெந்தோட்டைக்கு அருகே தெதுவ ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்கை. தோட்டத்தைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் கட்டடக்கலை தெரியாமல் தம்மால் முடியாது என்று உணர்ந்து, மறுபடி இலண்டனுக்குப் போய் மாணவராகச் சேர்ந்தார். தேர்ச்சி பெற்றபோது வயது 38. இந்த அரங்கில் வேலையை மாற்றலாமா என்று தயங்கி நிற்கும் முப்பது வயதுக்காரர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களை எண்ணித்தான் இந்த வயதைச் சொல்கிறேன்.

அவருடைய கலையை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் நான் கூரையைக் காட்டுவேன். நம் முன்னோர் வீட்டு ஓட்டுக்கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். அழகுதான். ஆனால் பருவமழையில் ஒழுகும், காக்கை உட்கார்ந்தால் ஓடு நகரும், தாங்குவதற்கு ஏராளமான மரச்சட்டம் வேண்டும். நெளி சிமெண்டுத் தகடு ஒழுகாது, ஆனால் அனலாய்க் கொதிக்கும், பார்க்கவும் சகிக்காது. பாவா தகட்டைக் கீழே போட்டு, அதன் நெளிவுகளின் மீது அரைவட்ட ஓடுகளை அடுக்கினார். தண்ணீரைத் தகடு தடுத்தது, வெயிலை ஓடு வாங்கிக்கொண்டது, மரச்செலவும் குறைந்தது. (அந்தக் காலத் தகட்டில் கல்நார் கலந்திருந்தது, அது நுரையீரலுக்குக் கேடு என்று இன்று பல நாடுகளில் தடை உண்டு. எண்ணம் மட்டும் இன்றும் செல்லும்.) இலங்கையில் அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு. எஃகும் கண்ணாடியும் எளிதில் கிடைக்கவில்லை. கையில் இருந்த கல்லையும் மரத்தையும் ஓட்டையும் கொண்டே புதுக்காலத்து வீட்டைக் கட்டிவிட முடியும் என்று அந்த நெருக்கடிதான் அவருக்குக் காட்டியது என்பேன்.

அடுத்தது முற்றம். கொழும்பு நகர நடுவில், 1960களின் தொடக்கத்தில், பத்திக் துணிக் கலைஞர் ஈனா த சில்வாவுக்கு அவர் கட்டிய வீடு. சிறிய மனை. வழக்கமான பங்களாவாக நடுவில் வீடு, சுற்றிலும் தோட்டம் என்று கட்டியிருந்தால் தெருவும் அண்டை வீடும்தான் சன்னலில் தெரிந்திருக்கும். பாவா அதை உள்வெளியாகத் திருப்பினார். மனையைச் சுற்றிச் சுவர். நடுவில் பெரிய முற்றம், ஓரங்களில் சிறு முற்றங்கள். கருங்கல் அடிமணைமேல் முதிரை மரத் தூண்கள். எல்லா அறைகளும் மரத்தையும் மழையையும் பார்த்தபடி இருந்தன. செட்டிநாட்டு வளவு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் நடுவே வானம் பார்த்த திறப்பு இருக்குமே, அதன் வேலையும் இதுதான். பிற்காலத்தில் அந்த மனை கைமாறியபோது, வீட்டைக் கல் கல்லாக எண்ணிட்டுப் பிரித்து, லுணுகங்கையில் மீண்டும் எழுப்பினார்கள். 2016இல் அந்தப் பணி முடிந்தது.

பாவா தனியாள் அல்லர் என்பதையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் உடனிருந்தார். பொலொந்தலாவையில் பெரும்பாறைகளுக்கு நடுவே ஒரு தோட்ட பங்களா கட்ட வேண்டியிருந்தபோது, இருவரும் குச்சியும் கயிறும் வைத்து அந்த இடத்திலேயே வீட்டைக் குறித்தார்கள். பிளெஸ்னர் போன பிறகு பங்காளியாக நின்றவர் தமிழரான பொறியாளர் கே. பூலோகசுந்தரம். பாவாவின் கோடுகள் கட்டடமாக நிமிர்ந்ததில் பெரும்பங்கு அவருடையது. கலைஞரின் பெயரை ஊர் நினைவில் வைக்கும், பொறியாளரின் பெயர் அடிக்குறிப்பில் நின்றுவிடும். இது எனக்கு எப்போதும் மனக்குறை. 1970களில் அவர்கள் தமிழகத்திலும் வேலை செய்தார்கள்: மதுரையில் ஒரு கிளப், சென்னையில் கன்னிமாரா ஹோட்டலின் புதுப்பிப்பு.

கொழும்புக்கு அருகே ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் உள்ள, பாவா வடிவமைத்த இலங்கை நாடாளுமன்றத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சதுப்பு நிலத்தை ஏரியாக்கி, நடுத்தீவில் செப்புக்கூரைகளோடு எழுப்பி, 1982இல் திறந்தார்கள். அதைவிட என்னைக் கவர்வது அதே காலத்துக் கொழும்பு அரச ஈட்டு வங்கிக் கட்டடம். 12 மாடி. காற்று வரும் திசை பார்த்துக் கட்டடத்தைத் திருப்பி, ஏர்கான் இல்லாமலே ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று வரைந்தார். அது பிறகு வேறு அரசுப் பயன்பாட்டுக்குப் போனது. அவர் எண்ணிய உள்ளமைப்பு நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தால் ஆசியாவின் அலுவலகக் கட்டடங்கள் வேறு வழியில் போயிருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

தம்புள்ளைக்கு அருகே 1994இல் திறந்த கண்டலமை ஹோட்டலுக்கு முதலில் சொல்லப்பட்ட இடம் சிகிரியா குன்றின் அடிவாரம். பாவா மறுத்து, தள்ளி ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தார். கட்டடம் பாறையின் மடிப்பைத் தொட்டும் தொடாமலும் நீள்கிறது. முன்புறமெங்கும் கொடி. ஏரிக்கு அப்பால் நின்று பார்த்தால் காடு எது, ஹோட்டல் எது என்று தெரியாது. நம் தஞ்சோங் பகாரில் சிவப்பு வலையில் கொடி படர்ந்து நிற்கும் ஒயாசியா ஹோட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்டலமை நினைவுக்கு வரும்.

ஒரு கேள்வி நியாயமாக எழும். இவர் பெரும்பாலும் வசதி படைத்தவர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும்தானே கட்டினார்? ஆம், பெரும்பாலும் அப்படித்தான். இலட்சக்கணக்கானோருக்கு வீடு கட்டும் சுமை அவர் தோளில் விழவில்லை. நம் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுமந்தது அது. ஆனாலும் அது கட்டிய நம் பழைய அடுக்குமாடி புளோக்குகளைப் பாருங்கள். கீழ்த்தளம் சுவரில்லாமல் திறந்திருக்கிறது. மலாய்க்காரர் கல்யாணமும் நம் வீட்டுத் துக்கமும் அங்கேதான் நடக்கின்றன. பிற்பகலில் தாத்தாக்கள் காற்றுக்கு வந்து உட்காருகிறார்கள். பொது நடைபாதையும் சமையலறை சன்னலும் எதிரெதிராகத் திறந்திருந்தால் வீட்டுக்குள் காற்று குறுக்கே ஓடும். அந்த வசதி கட்டியவர்கள் கொடுத்தது. சன்னலை அடைத்து ஏர்கான் போட்டவர்கள் நாம். வீட்டைப் புதுப்பிக்கும்போது நடைபாதைப் பக்கத்து சன்னலை மூடச்சொல்லி ஒப்பந்தக்காரர் யோசனை சொன்னால், ஒருமுறை மறுத்துப் பாருங்கள்.

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்புக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாது. 33ஆம் ஒழுங்கையில் அவர் நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இணைத்து வாழ்ந்த வீட்டையும் லுணுகங்கையையும் அவர் பெயரிலான அறக்கட்டளை பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போது போங்கள். தண்ணீர் எந்தக் கூரையிலிருந்து எங்கே இறங்குகிறது, எந்தத் திண்ணைவரை சாரல் வருகிறது, எங்கே வராமல் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.

நன்றி. வணக்கம்.