உள்ளரங்கு சைக்கிளும் காலப்பிரமாணமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டுக் கணவாயில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு நோக்கி மிதித்தால், மேற்கிலிருந்து வரும் காற்று ஆளை வந்த வழியே திருப்பி அனுப்பப் பார்க்கும். மார்கழி, தை மாதங்களில் அது திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். அப்போது கோவைப் பக்கம் போகிறவர்கள் பாடு திண்டாட்டம். பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. நெடுஞ்சாலை லாரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் எங்கள் வட்டாரத்து ஜிம்களில் நான்கு சுவர்களுக்குள் சைக்கிள் மிதிக்கும் வகுப்புக்கு ஆள் சேர்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கல்பாத்தி என்று தமிழ் பேசுகிறவர்களும், அவர்களுக்குப் பக்கத்து சைக்கிளில் மலையாளம் பேசுகிறவர்களுமாக வருகிறார்கள்.

அப்படி ஒரு வகுப்பை நடத்துகிறவள் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எடை குறையுமா, தொப்பை கரையுமா என்ற கேள்விகளை நான் தொடப்போவதில்லை. வகுப்பில் ஒலிக்கும் பாட்டு, அதை நடத்துகிறவரின் குரல், இந்த இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டைக் காலுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும், காதுக்காக அல்ல. அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டால், பயிற்றுநர் இப்போது பேசுவதில் பாதியைப் பேச வேண்டியிருக்காது.

இந்த வகுப்பின் கதை சுருக்கமானது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜானி கோல்ட்பர்க் என்ற பந்தய வீரர், 1980களில் நெடுந்தூரப் பந்தயத்துக்குத் தயாராகும்போது வீட்டிலேயே மிதிப்பதற்கு ஒரு சைக்கிளைச் செய்துகொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ஸ்பின்னிங் என்ற இந்த வகுப்பு முறை. 2006-இல் நியூயார்க்கில் தொடங்கிய சோல்சைக்கிள் என்ற நிறுவனம் விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மிதிப்பதை ஏறக்குறைய நடனமாக்கியது. 2012-இல் தொடங்கிய பெலோட்டன் என்ற நிறுவனம் வகுப்பையே திரைக்குள் கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்பியது. இன்று நம் ஊர் ஜிம்மில் நடப்பது இந்த மூன்றின் கலவை. பாட்டு மட்டும் நம்முடையது.

அந்தப் பாட்டில்தான் முதல் குழப்பமும் இருக்கிறது. வேகமான பாட்டு போட்டால் வேகமாக மிதிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். காலப்பிரமாணத்தின், அதாவது பாட்டு ஓடும் வேகத்தின், கணக்கு வேறு. பெடல் ஒரு முறை சுற்றி வருவதற்குள் இரண்டு மிதி விழுகிறது, வலது ஒன்று, இடது ஒன்று. தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மிதி என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 128 தட்டு விழும் ஆட்டப்பாட்டில் பெடல் 64 முறைதான் சுற்றும். ஸ்பின்னிங் முறையின் வழக்கப்படி சமதளத்துக்கு நிமிடத்துக்கு 80 முதல் 110 சுற்று, ஏற்றத்துக்கு 60 முதல் 80 சுற்று. ஆகவே அந்த ஆட்டப்பாட்டு மலையேறுவதற்குரிய பாட்டு. குமிழைத் திருகிச் சக்கரத்தை இறுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நிமிடத்துக்கு 90 தட்டு மட்டுமே விழும் அமைதியான மெலடியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு ஒரு முழுச் சுற்று என்று வைத்தால் 90 சுற்று வந்துவிடுகிறது. தாலாட்டு போல ஒலிக்கும் பாட்டில் கால் ஓடும். மேசையைத் தட்ட வைக்கும் பாட்டில் மலை ஏறும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். ஏறி உட்கார்ந்து மிதித்தபின் சிரிப்பார்கள்.

இந்தக் கணக்கைப் பார்க்காத வகுப்பில் என்ன நடக்கும்? 140 தட்டுப் பாட்டைப் போட்டு, தட்டுக்கு ஒரு சுற்று என்று ஓட்டச் சொல்வார்கள். இறுக்கமே இல்லாத சக்கரம் காலை இழுத்துக்கொண்டு ஓடும். இடுப்பு சீட்டில் குதிக்கும். வியர்வை கொட்டும், ஆனால் தசைக்கு வேலை கிடைத்திருக்காது. இடுப்பு குதித்தால் ஒன்று வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் இறுக்கத்தைக் கூட்டுங்கள். பயிற்றுநர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

நம் திரைப்பாடலின் அமைப்பு இந்தப் பயிற்சிக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் இடையிசை, இன்னொரு சரணம். பல்லவியில் மூச்சைச் சீராக்கிக்கொள்ளலாம். சரணத்தில் இறுக்கத்தைக் கூட்டிப் பிடித்து நிறுத்தலாம். இடையிசையில் எழுந்து நின்று விரட்டலாம். முழு வேகத்தில் விரட்ட ஓர் இடையிசையின் நீளம் தாராளம். நான் பாட்டு தேடும்போது முதலில் கேட்டுப் பார்ப்பது இடையிசையைத்தான். வயலின்கள் தாளமில்லாமல் மிதந்துகொண்டிருந்தால் அந்தப் பாட்டைக் கடைசியில் கால் நீட்டுவதற்கு ஒதுக்கிவிடுவேன். விருத்தம் போல இழுத்துத் தொடங்கும் பாட்டுகளும் அப்படித்தான். நாட்டுப்புற மெட்டுகளில் பல ‘தகிட தகிட’ என்று ஓடும். முதல் தகிடவுக்கு வலது, அடுத்ததற்கு இடது என்று வைத்தால் கும்மி கொட்டுவதைப் போல கால் தானாகப் பொருந்திக்கொள்ளும்.

இசை உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில், பேண்டு வாசித்தபோதும் வாசிக்காதபோதும் வீரர்களின் வேகத்தைக் குறித்து லெனர்ட் அயர்ஸ் என்பவர் 1911-இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். வாத்தியம் முழங்கியபோது மணிக்கு 19.6 மைல்; நின்றபோது 17.9 மைல். நம் காலத்தில், 2010-இல், லிவர்பூல் ஆய்வாளர்கள் பன்னிரண்டு மாணவர்களை ஒரே இசைக்கு மிதிக்கவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இசையின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினார்கள், இன்னொரு முறை குறைத்தார்கள். கூட்டியபோது கடந்த தூரம் சிறிது கூடியது. குறைத்தபோது தூரமும் மிதிக்கும் திறனும் அதைவிட அதிகமாகச் சரிந்தன. பாட்டை வேகமாக்கிப் பெறும் லாபத்தைவிட, தொய்ந்த பாட்டால் வரும் நட்டம் பெரிது.

ஆனால் இசைக்கும் ஓர் எல்லை உண்டு. லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த காஸ்டாஸ் கராஜியோர்கிஸ் சொல்வது இது: மிதமான உழைப்பில் இசை களைப்பு தெரிவதைச் சுமார் பத்து விழுக்காடு குறைக்கும், உழைப்பு உச்சத்துக்குப் போய்விட்டால் அந்த உதவி தேய்ந்துவிடும். இது எங்களைப் போன்றவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி. மூச்சு முட்டும் கட்டத்தில் உடல் தன் குரலைத்தான் கேட்கும். அந்த இடத்தில் பாட்டின் ஒலியைக் கூட்டுவதும், அதற்கு மேல் கத்துவதும் வீண்.

கத்துவதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். போலீஸ் மைதானத்துக் கவாத்துப் பயிற்சி போல ‘இன்னும், இன்னும், விடாதே’ என்று அதட்டுகிறவர்கள் ஒரு வகை. இவர்களுக்கு ரசிகர்கள் உண்டு. பள்ளியில் கண்டிப்பான ஆசிரியரிடம் படித்ததைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இவர்களிடம்தான் போவார்கள். மேடை நடனக்காரர் போல ஹேண்டில்பாரின் மேல் தண்டால் எடுக்க வைத்து, ஓடும் சைக்கிளில் சின்ன டம்பெல்லைத் தூக்கச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கிலோ எடையைத் தூக்கித் தோள் வளராது. சைக்கிளில் கவனம் மட்டும் சிதறும். மிதிக்கும் திறனைக் காட்டித் திரையில் தெரியும் வாட் கணக்கைப் படித்துக்கொண்டே போகும் கணக்குப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது நல்லது. முழங்கால் வலிக்காமல் அரை மணி நேரம் மிதித்தால் போதும் என்று வரும் இல்லத்தரசிக்கு அந்த எண்கள் எதற்கு?

எனக்குப் பிடித்த வகை, வழி காட்டிக்கொண்டே போகிறவர். ‘போத்துண்டி அணை தாண்டிவிட்டோம், இனி நெல்லியாம்பதி ஏற்றம், அடுத்த கொண்டை ஊசி வளைவு வரை உட்கார்ந்தே வாருங்கள்’ என்று அவர் சொன்னால், அந்தச் சாலையில் பஸ்ஸில் போனவர்களின் கால்கூடப் புரிந்துகொள்கிறது. எப்போது இறுக்க வேண்டும் என்று சொல்லும்போது எவ்வளவு நேரத்துக்கு என்றும் சொல்லிவிடுகிறார். முடிவு தெரிந்த கஷ்டத்தை மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

இதில் எங்களுக்கெல்லாம் குரு செண்டை மேளத்தில் இருக்கிறார் என்று நான் நினைப்பதுண்டு. கேரளக் கோயில்களில் பஞ்சாரி மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும். ஐந்து காலங்கள், அதாவது ஐந்து வேக நிலைகள். முதல் காலத்தில் 96 அட்சரம், அதாவது எண்ணிக்கை, கொண்ட ஒரு சுற்று, அடுத்ததில் 48, பிறகு 24, 12, கடைசியில் 6. வேகம் படிப்படியாக ஏறுகிறது. எந்தப் படியையும் தாண்டிக் குதிப்பதில்லை. இத்தனை செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் நடுவே நின்று மேளத்தை நடத்தும் தலைமைக் கலைஞரான மேளப் பிரமாணி வாய் திறப்பதில்லை. கோல் சற்று உயர்கிறது, எதிரே குழல்காரரை ஒரு பார்வை பார்க்கிறார், மொத்தக் கூட்டமும் அடுத்த காலத்துக்கு மாறிவிடுகிறது. மாற்றம் வரப்போகிறது என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பதால்தான் அது முடிகிறது.

சைக்கிள் வகுப்பிலும் அறிவிப்பு முன்கூட்டியே வர வேண்டும். 128 தட்டுப் பாட்டில் 32 தட்டு என்பது சரியாகப் பதினைந்து விநாடி. சரணம் தொடங்குவதற்குப் பதினைந்து விநாடி முன்பு ‘அடுத்தது ஏற்றம்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு, கடைசியில் எட்டிலிருந்து கீழே எண்ணினால் போதும். தமிழருக்கும் மலையாளிக்கும் அந்த எண்ணிக்கை ஒரே நேரத்தில் விளங்கும். சரணம் வந்தபின் வாயை மூடிக்கொண்டு பாட்டை வேலை செய்ய விட வேண்டும்.

ஒலியின் அளவு தனிச் சங்கதி. 85 டெசிபலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் கணக்கு. அதன்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். பூட்டிய அறையில் பெரிய ஒலிபெருக்கி வைத்து முக்கால் மணி நேரம் நடத்தினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். மைக் இல்லாமலே கச்சேரி வாசிப்பேன் என்று பிடிவாதமாக இருந்த பாலக்காடு மணி ஐயர் பிறந்த மண் இது. 1966-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவர். இந்த ஊரில் இருந்துகொண்டு காது கிழிய ஒலிக்கவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை.

புதியவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இந்த வகை சைக்கிள் பெரும்பாலானவற்றில், காலை நிறுத்தினால் பெடல் நிற்காது. கனமான சக்கரம் காலைச் சுற்றி இழுக்கும். நிறுத்த வேண்டுமென்றால் குமிழை அழுத்த வேண்டும். ஏறும் முன்பே அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தொட்டுப் பாருங்கள். அடுத்து, முதல் வகுப்பிலேயே பழகியவர்களோடு போட்டி போடாதீர்கள். அளவுக்கு மீறி மிதித்து, தொடை வீங்கி, ஓரிரு நாளில் சிறுநீர் பால் சேர்க்காத கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். புதியவர் மூச்சு வாங்கினாலும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் இருந்தால் போதும்.

ஒலவக்கோட்டில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் காலை வகுப்புக்கு வருகிறார். மிதித்துக்கொண்டே வலது கையை ஹேண்டில்பாரில் வைத்து ஆதி தாளம் போடுவார்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஒரு நாள் பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “அம்மா, சமம் எப்போதும் வலது காலிலேயே வந்து விழுகிறதே, இடது கால் என்ன பாவம் செய்தது?” என்றார். சமம் என்பது தாளச் சுற்று தொடங்கும், அழுத்தம் விழும் தட்டு. கேள்வி நியாயமானது. எட்டு எண்ணிக்கைத் தாளத்தில் தட்டுக்கு ஒரு மிதி வைத்தால், அழுத்தம் விழும் தட்டு பாட்டு முடியும்வரை ஒரே காலுக்குத்தான் வரும். அந்தக் கால்தான் ஓங்கி மிதிக்கும்.

இப்போது முதல் இடையிசையில் எல்லோரையும் ஒரு மிதி நிதானிக்கச் சொல்கிறேன். சமம் இடது காலுக்கு மாறிவிடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. ஏழு எண்ணிக்கையில் அமைந்த பாட்டு, மிஸ்ர சாப்பு அல்லது பாண்டி மேளத்து நடை, கிடைத்தால் அதைப் போடுவேன். ஏழு ஒற்றைப்படை என்பதால் ஒரு சுற்றில் வலது காலில் விழுந்த சமம் அடுத்த சுற்றில் தானாக இடது காலில் விழும். முதல் சில சுற்றுகளில் பாதிப் பேர் தடுமாறுவார்கள், பெரியவர் மட்டும் விரலில் எண்ணிக்கொண்டு சரியாக மிதிப்பார். இப்படிப்பட்ட பாட்டுகள் திரையிசையில் குறைவு. உங்களுக்குத் தெரிந்தவை இருந்தால் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். வேகம் நிமிடத்துக்கு 120-இலிருந்து 160 தட்டுக்குள் இருந்தால் எங்கள் ஏற்றத்துக்குப் பயன்படும். நன்றி, வணக்கம்.