மூணு நாவல், ஒரே தொடர்: ‘த்ரீ பாடி பிராப்ளம்’ எப்படி மாறுச்சு?

[திரையில்: மூணு புத்தக அட்டைகள்]

சீன எழுத்தாளர் லியூ சிஷினோட ‘த்ரீ பாடி பிராப்ளம்’, வேற்றுக்கிரகவாசிகள் பூமியை நோக்கிப் படையெடுத்து வர்ற கதை. அதோட மூணு நாவலும் 2008-க்கும் 2010-க்கும் நடுவுல சீனாவுல புத்தகமா வந்துச்சு. இதைத் தொடரா எடுக்கறதுல பெரிய தலைவலி கிராஃபிக்ஸ் இல்ல, ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாயகர் மாறறதுதான். முதல்ல நானோ விஞ்ஞானி வாங் மியாவ், அடுத்து லுவோ ஜி, மூணாவதுல செங் ஷின். படிக்கறவங்க இதை ஏத்துக்குவாங்க. ஒரு சீசன் முழுக்கப் பழகின முகம் அடுத்த சீசன்ல காணாமப் போனா, தொடர் பார்க்கறவங்க விட்டுட்டுப் போயிடுவாங்க.

2024 மார்ச்ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்த 8 எபிசோடுக்கு, புத்தக வரிசையை விட்டுட்டுக் கால வரிசையைப் பிடிச்சாங்க. மூணாவது நாவலோட ஆரம்பம், ரெண்டாவது நாவலோட ஆரம்பம் நடக்கற அதே காலத்துலதான் நடக்குது. அணுகுண்டுகளை ஒவ்வொண்ணா வெடிக்கவெச்சு, அந்த வேகத்துல ஒரு மனித மூளையை எதிரிப் படையை நோக்கி அனுப்பற திட்டம் மூணாவது புத்தகத்துல இருக்கு. தொடர்ல அது முதல் சீசன் முடியறதுக்குள்ளயே வந்துடுது.

[திரையில்: பெயர்ப் பட்டியல், அம்புக்குறிகள்]

மூணு புத்தகத்தோட நாயகர்களையும் இப்படி ஒரே காலத்துல சேர்க்கறதுக்காகத் தொடர்ல உருவாக்கினவங்கதான், ஆக்ஸ்ஃபோர்டுல ஒண்ணாப் படிச்ச நண்பர்கள். வாங் மியாவை ரெண்டாப் பிரிச்சுட்டாங்க: எதையும் அறுக்கற மெல்லிய நானோ இழை ஆகிக்கு, வேற்றுக்கிரகத்தைக் காட்டற மெய்நிகர் விளையாட்டுக்குள்ள போற வேலை பெரும்பாலும் ஜின்னுக்கு. லுவோ ஜியோட இடத்துல சால். மூளையைக் கொடுக்கற யுன் தியான்மிங்கோட இடத்துல வில். செங் ஷினோட பங்கும் ஜின்னுக்குத்தான். இதுல ஒரு நஷ்டம் இருக்கு. உலகத்தோட தலையெழுத்து முழுக்க ஒரே நண்பர் வட்டத்துக்குள்ள சிக்குது. நாவல்ல இருந்த பிரம்மாண்டம் இங்க சுருங்கித்தான் போச்சு.

2023-ல வந்த சீனத் தொடர் முதல் நாவலுக்கு மட்டுமே 30 எபிசோடு எடுத்துக்குச்சு. அறிவியல் விளக்கத்துக்கு அதுல நல்ல இடம் இருக்கு. ஆனா மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியில, பின்னால வேற்றுக்கிரகத்தோட தொடர்புகொள்ற விஞ்ஞானி யே வென்ஜியோட அப்பாவைக் கூட்டத்துக்கு முன்னால அடிச்சே கொல்றதை அடக்கி வாசிச்சுட்டாங்க. நெட்ஃப்ளிக்ஸ் அதுலதான் தொடங்குது. அதுதான் சரி. அந்தக் கொலையை நேராப் பார்க்காம, வேற்றுக்கிரகத்துக்கு அவங்க ஏன் பதில் அனுப்பறாங்கன்னு மனசுல தைக்காது.

[திரையில்: பனாமா கால்வாய், குறுக்கே இழைகள்]

கப்பலை அறுக்கற காட்சியைப் பாருங்க. வேற்றுக்கிரகவாசிகளை வரவேற்கற கூட்டத்தோட கப்பல் அது. அதுல இருக்கற தகவல் சேமிப்பு வேணும், அதை அழிக்கறதுக்கு யாருக்கும் நேரமே கொடுக்கக் கூடாது. நாவல்ல கால்வாயோட ரெண்டு கரையிலயும் தூண் நட்டு, சுமார் அரை மீட்டர் இடைவெளியில 50 நானோ இழை கட்டுவாங்க. கப்பல் தானா வந்து அறுபடும். டிஸ்க் துண்டானாலும் வெட்டு அவ்வளவு மெல்லிசுங்கறதால தகவலை மீட்டுடலாம். படிக்கும்போது இது அசத்தலான பொறியியல். தொடர்ல கப்பல்ல குழந்தைங்க இருக்கறதை முன்கூட்டியே காட்டிடறாங்க, இழையைக் கண்டுபிடிச்ச ஆகியையும் அங்கயே நிறுத்திடறாங்க. இழையோட கணக்கு அப்படியே இருக்க, பாரம் ஒரு மனுஷியோட தலையில ஏறுது.

அடுத்த சீசன்கள்ல இந்த உத்தி ரொம்பத் தூரம் வராது. லுவோ ஜி உறைநிலைத் தூக்கத்துல கிட்டத்தட்ட 200 வருஷத்தைத் தாண்டிடறார். நண்பர்கள்ல யாரைத் தூங்கவெக்கறது, யாரை இந்த நூற்றாண்டுலயே விட்டுட்டுப் போறதுன்னு எழுதறவங்க முடிவு பண்ணியே ஆகணும்.