கைக்குட்டை விரித்து உட்கார்ந்தவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

பிரிட்டிஷ் நடிகர் டேவிட் சூஷே உச்சம் தொட்டது மேடையிலா, சின்னத்திரையிலா? இதுதான் இன்றைய வழக்கு. நான் சின்னத்திரை அணி; அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவாக அவர் தொலைக்காட்சித் தொடரில் நடித்ததுதான் என் சாட்சி. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா மேடைக்காக வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். 1969-இல் செஸ்டர் நகரத்து கேட்வே தியேட்டரில் ஆரம்பித்தது, 1973-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் சேர்ந்தது, ஷேக்ஸ்பியரின் வட்டிக்காரன் ஷைலக், சூழ்ச்சிக்காரன் இயாகோ, அப்புறம் ‘அமடேயஸ்’ நாடகத்தில் இசையமைப்பாளர் சாலியேரியாக நியூயார்க்கின் பிராட்வே வரை போய் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, 2015-இல் 69 வயதில் கவுனும் தொப்பியுமாக லேடி பிராக்னெல் என்ற சீமாட்டியாக வந்து நின்றது என்று ஒன்று விடாமல் சொன்னார். எதையும் நான் மறுக்கப் போவதில்லை. கடைசியாக ஒரு கேள்வியையும் வீசிவிட்டுப் போனார். “இருபது வருட மேடை அனுபவம் இல்லாவிட்டால் ஹெர்க்யூல் பொய்ரோ வந்திருப்பாரா?” நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல கேள்வி.

பதில் 1985-இல் இருக்கிறது.

அந்த ஆண்டுதான் பென் கிங்ஸ்லி ஒத்தெல்லோவாக நிற்க, சூஷே இயாகோவாக ஸ்ட்ராட்ஃபோர்ட் மேடையைக் கலக்கினார். அதே ஆண்டில் அகதா கிறிஸ்டியின் கதை ஒன்று தொலைக்காட்சிப் படமாக வந்தது. பொய்ரோவாக பீட்டர் உஸ்தினோவ். ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் ஜாப்பாக யார்? நம் சூஷேதான். எப்படி நடித்தார்? தன் வாழ்க்கையிலேயே ஆக மோசமான நடிப்பு அதுவாகத்தான் இருக்கும் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பதினாறு வருட மேடை அனுபவம் அன்றைக்கும் அவர் கையில்தானே இருந்தது? அதே குரல், அதே பயிற்சி, அதே கிறிஸ்டியின் உலகம். பின் ஏன் ஜாப் படுத்துவிட்டார், மூன்று வருடம் கழித்து பொய்ரோ எழுந்து நின்றார்? மேடை கொடுத்தது அரிசி, அம்மா. அதை மறுத்தால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆனால் அரிசி சோறாக வேண்டுமென்றால் அடுப்பில் இருக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுத்தது தொலைக்காட்சித் தொடர்.

இந்த இடத்தில் பெயரைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ‘புவாரோ’ என்பதுதான் சரியான உச்சரிப்பாம். எழுத்தைப் பார்த்து நாம் ‘பொய்ரோ’ என்று படித்துப் பழகிவிட்டோம். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது. பொய்யைத் தேடிப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக அவருடைய பெற்றோரே பெயர் வைத்திருக்க முடியாது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொடரில் பொய்ரோவாக நடிக்கும் வாய்ப்பு வந்ததும் சூஷே அண்ணனிடம் யோசனை கேட்டார். அண்ணன் ஜான் சூஷே இங்கிலாந்தில் பிரபலமான செய்தி வாசிப்பாளர். அவர் சொன்னது, அந்தப் பக்கமே போகாதே என்று. ஊருக்கெல்லாம் சரியான செய்தி சொன்னவர், வீட்டுச் செய்தியில் தவறிவிட்டார். தம்பி கேட்கவில்லை. கதைகளை வரிசையாக எடுத்து வைத்துப் படித்தார், படிக்கப் படிக்கக் குறிப்பெடுத்தார். மொத்தம் 93 குறிப்புகள். முதல் குறிப்பு, இவர் பெல்ஜியக்காரர், பிரெஞ்சுக்காரர் இல்லை. இன்னொன்று, தேநீரிலும் காபியிலும் நாலு கட்டி சர்க்கரை, சில சமயம் மூன்று, எப்போதாவது ஐந்து. ஒரு மனிதரின் சர்க்கரைக் கணக்கை நம் வீட்டில் யார் இவ்வளவு துல்லியமாக வைத்திருப்பார்? மருமகள்கூட வைத்திருக்க மாட்டாள்.

குரலுக்கு பெல்ஜிய வானொலிப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சூஷேயின் சொந்தக் குரல் கனமானது, நெஞ்சிலிருந்து வருவது. பொய்ரோ மூளையால் வாழ்கிற ஆள், அவர் குரலும் தலையிலிருந்து வர வேண்டும் என்று அதை மேலே ஏற்றினார். நடைக்கு என்ன செய்தார் தெரியுமா? பழம்பெரும் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே சொன்னதாக நடிகர்களிடையே ஒரு உபாயம் உண்டு. சில்லறைக் காசு ஒன்றைப் பின்புறத்தில் இடுக்கிக்கொண்டு, அது கீழே விழாமல் நடப்பது. அப்படித் தோட்டத்தில் நடந்து பழகித்தான் அந்தக் குட்டிக் குட்டி எட்டு வந்தது. வீட்டுக்குப் போய் முயற்சி செய்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

எதிரணி இதையும் மேடைப் பயிற்சி என்று இழுக்கும். இருக்கட்டும். ஆனால் நான் சொல்ல வந்த கைக்குட்டைச் சம்பவத்தை அவர்களால் இழுக்க முடியாது. 1988, தொடரின் ஆரம்பகாலப் படப்பிடிப்பு. பொய்ரோ பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார வேண்டும், காட்சி அவ்வளவுதான். சூஷே கைக்குட்டையை எடுத்தார், பெஞ்சைத் துடைத்தார், அதையே விரித்துப் போட்டு, கால்சட்டை மடிப்பு கசங்காமல் உட்கார்ந்தார். இயக்குநர் வேண்டாம் என்றார், பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது என்றார். சூஷே, பொய்ரோ இப்படித்தான் உட்காருவார், துடைக்காமல் உட்கார மாட்டார் என்றார். இவர் விடவில்லை, அவரும் விடவில்லை. படப்பிடிப்பே நின்றது. தயாரிப்பாளர் வரை போய், கடைசியில் கைக்குட்டை ஜெயித்தது.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸ் அந்தத் தொடருக்கு முன்பு சூஷேயைச் சாப்பிட அழைத்து ஒரு எச்சரிக்கை விடுத்திருந்தார். பொய்ரோவோடு சேர்ந்து ஜனங்கள் சிரிக்கலாம், பொய்ரோவைப் பார்த்து எள்ளிச் சிரிக்கக் கூடாது. அந்தக் கைக்குட்டை இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய கோடு. கொஞ்சம் மிகைப்படுத்தினால் கோமாளி. குறைத்தால் யாரோ ஒருவர் உட்காருகிறார், அவ்வளவுதான். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில், கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டுமென்றால் அந்தக் கைக்குட்டையைக் கொடி மாதிரி வீச வேண்டியிருக்கும். கேமரா கிட்டே வந்ததால் விரல் நுனியில் முடித்துவிட்டார்.

பேராசிரியர் அம்மா ஷைலக்கைப் பற்றி உருகினார். ஒன்று கேட்கிறேன். 1981-இல் நடந்த அந்த நாடகத்தை இந்த அவையில் யார் பார்த்தீர்கள்? அம்மாவே பார்த்திருக்க முடியாது. சூஷேயின் ஷைலக்கை இன்று நாம் கொஞ்சமாவது பார்க்க முடிகிறதென்றால், இயக்குநர் ஜான் பார்ட்டன் பேட்ரிக் ஸ்டூவர்ட்டையும் சூஷேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பாத்திரத்தை இரண்டு விதமாக நடிக்கச் சொல்லிப் படம்பிடித்த நிகழ்ச்சியால்தான். அதில் ஸ்டூவர்ட், ஷைலக் யூதர் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். யூதத் தந்தையின் மகனான சூஷே, யூதர் என்பதால்தானே அவன் வெளியாள் ஆனான் என்று பிடிவாதமாக நிற்கிறார். அற்புதமான சண்டை. எங்கே நடந்தது? தொலைக்காட்சியில். உங்கள் சாட்சியே எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது, அம்மா!

“பொய்ரோ அந்த நடிகரை விழுங்கிவிட்டார்” என்றும் எதிரணியிலிருந்து ஒரு குரல் வந்தது. விழுங்கப்பட்டவர் 2001-இல் மெல்மோட் என்ற விக்டோரியா காலத்துப் பணமோசடிக்காரராக வந்து மிரட்டியது எப்படி? 2007-இல் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல்லாக நடித்து, அடுத்த வருடம் சர்வதேச எம்மி விருது வாங்கியது எப்படி? இரண்டும் சின்னத்திரைதான். இதை இத்தோடு விடுகிறேன், நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கடைசிக் கதைக்கு வருகிறேன். கிறிஸ்டி பொய்ரோவின் மரணத்தை இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். 1975-இல் அது வெளியானபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ கற்பனைப் பாத்திரமான பொய்ரோவுக்கு முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. கதையின் பெயர் ‘கர்ட்டன்’, அதாவது திரை. எதிரணி இப்போதே சிரிக்கிறது, மேடைத் திரை என்று. ஐயா, எங்கள் பெட்டிக்குப் பெயரே சின்னத்திரை!

42 வயதில் பொய்ரோவாக ஆரம்பித்தவர் முடிக்கும்போது 67. பதிமூன்று பருவங்கள், 70 கதைகள். நடுவில் 1990களின் பிற்பகுதியில் தொடர் சில வருடம் நின்றே போனது. சாலியேரி வந்தது அந்த இடைவெளியில்தான். திரும்பி வந்து மீசையை ஒட்டிக்கொண்டார். கிறிஸ்டி எழுதிய பொய்ரோ கதைகளில் ஏறக்குறைய அத்தனையையும் நடித்துத் தீர்த்தார். அந்த மரணக் காட்சியைப் பாருங்கள். யார் கொலையாளி என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். முதல் வருடத்தில் உடம்பைச் சுற்றிப் பஞ்சு கட்டிக்கொண்டு உருண்டையாக நடந்தவர், இதில் மெலிந்து, சக்கர நாற்காலியில், கட்டிலில், மூச்சுக்கு மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். அந்தக் கண்ணில் இருந்த களைப்பை ஒப்பனை போட்டுக் கொண்டுவர முடியாது. ஒரு மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திய களைப்பு அது. மேடையில் சாகிறவர் திரை விழுந்ததும் எழுந்து வந்து கும்பிடுவார், நாளை மாலை மறுபடியும் சாவார். சூஷேயின் பொய்ரோ ஒரே ஒரு தடவைதான் செத்தார்.

சாவோடு முடிக்க அவருக்கு மனமில்லை. அதனால் மரணக் காட்சியை முதலில் எடுத்துவிட்டு, மற்றக் கதைகளைப் பின்னால் எடுத்தார்கள். கடைசிப் படப்பிடிப்பு 2013 ஜூனில், டெவனில் இருக்கும் கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில். எழுதியவர் வீட்டு வாசலில் உயிரோடு நின்று விடைபெற்றார் பொய்ரோ.

அப்புறம் சூஷே மேடைக்குத் திரும்பினார். 2021-இல் தன் வாழ்க்கையை மேடையில் சொல்லும் நிகழ்ச்சியோடு பிரிட்டன் முழுக்கச் சுற்றினார். ஷைலக், இயாகோ, சாலியேரி எல்லாரும் அதில் உண்டு. நிகழ்ச்சிக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ‘பொய்ரோ அண்ட் மோர்’. பொய்ரோவும் இன்ன பிறரும்! அந்த ‘இன்ன பிற’வில்தான் எதிரணி மூன்று பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, போய் உட்காருகிறேன். நாற்காலியில் ஏகப்பட்ட தூசி. பரவாயில்லை, கைக்குட்டை கொண்டுவந்திருக்கிறேன்.