நோகாவிட்டாலும் கண்ணைக் காட்டுங்கள்

திருகோணமலை நேயர்களுக்கு வணக்கம்.

சீனி வருத்தம் விழித்திரையைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். நான் பேச வந்தது கண்ணின் முன்பக்கத்தைப் பற்றி. அங்கே கறுப்புமுழியைக் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் விழிவெண்படலம் (கோர்னியா) அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். இரத்தக்குழாய் இல்லாததால் தெளிவாக இருக்கிறது. அதற்கு வேண்டிய குளுக்கோசு கண்ணுக்குள் இருக்கும் நீரிலிருந்து வருகிறது. இரத்தத்தில் சீனி ஏறினால் அந்த நீரிலும் ஏறும்.

ஏறினால் கலங்களுக்குள் தீங்கான ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகும். தாங்க முடியாத கட்டத்தில் கசுப்பேசு என்ற நொதியங்கள் விழித்துக்கொள்ள, கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. விழிவெண்படலத்தின் மேற்படை ஏழு முதல் பத்து நாளில் புதுப்பிக்கப்படுவதால் அந்த இழப்பு ஓரளவு ஈடாகும். உட்படைக்கு அந்த வசதி இல்லை. அங்கே செத்த கலத்துக்குப் பதில் கலம் பிறக்காது. பக்கத்துக் கலங்கள் விரிந்துதான் இடத்தை மூடவேண்டும். கற்றரக்ட் சத்திரசிகிச்சைக்கு முன் சீனிக்காரரின் கண்ணைக் கூடுதல் கவனமாகப் பார்ப்பது இதனால்தான்.

சரி, மேற்படைப் புண்ணாவது கெதியாக ஆறுமா? அதுவும் சுணங்கும். பரம்பரையலகுகள் மாறிவிடுவதில்லை, எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மாறுகிறது. சீனி வருத்தத்தோடு இறந்தவர்கள் தானம் செய்த கண்களில், கலங்களைத் தாங்கும் அடிமென்சவ்வைக் கரைக்கும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகு மிஞ்சி வேலை செய்வதையும், புண் ஆறத் தூண்டும் செய்தியைக் கலத்தில் பிடித்துக்கொள்ளும் 'வாங்கி' என்ற புரதம் ஒன்று குறைந்திருப்பதையும் கண்டிருக்கிறார்கள். என்னை மிகவும் யோசிக்க வைத்தது இன்னொன்று: அந்தக் கலங்களை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தாலும் இந்த மாற்றங்கள் பல அப்படியே நிற்கின்றன. ஆகவே சீனியை முதல் வருடங்களிலேயே கட்டுப்படுத்துவது பெரிய காரியம்.

நரம்பும் மெலிகிறது. மூதூரில் சூடடிக்கும்போது உமித்தூள் விழுந்தால், சல்லியில் வலை உதறும்போது மணல் பட்டால், மற்றவர் துடித்துப்போவார். பல வருடம் சீனி உள்ளவருக்குச் சும்மா உறுத்துகிற மாதிரித்தான் இருக்கும். இரண்டு கிழமை கழித்து, கறுப்புமுழியில் வெள்ளை விழுந்த பிறகு வருவார்.

சோதனை சின்னது. பஞ்சு நுனியால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார்கள். செம்மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் உரிந்த இடம் பச்சையாகத் தெரியும். கண் சிவந்தால் பாமசியில் ஸ்டீரொயிட் துளிமருந்து வாங்கி விடாதீர்கள்; கிருமி இருந்தால் அது இன்னும் பரவும். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை வருடமாகச் சீனி என்று கண் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.