சலத்தில் இரத்தமா? குளித்த இடத்தையும் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சலத்தில் இரத்தம் கண்டால் கல்லா, கிருமித் தொற்றா, புற்றுநோயா என்று வைத்தியர்கள் தேடுவார்கள். அது சரிதான். ஆனால் ஆபிரிக்காவில் இருந்து வந்தவரென்றால் பில்ஹார்சியாப் புழுவையும் தேடவேண்டும்.

இலங்கையில் இந்தப் புழு பரவவில்லை. கீரிமலைக் கேணியிலோ வீட்டுக் கிணற்றடியிலோ குளித்து இது வராது. மலாவி ஏரி, விக்டோரியா ஏரி போன்ற நன்னீரில் சிலவகை நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்ணிய குடம்பிகள், தண்ணீரில் இறங்கியவரின் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. கொதித்தாறிய நீரையே குடித்தவருக்கும் தொற்றும். கால் நனைத்தாலே போதும்.

முதலில் தோலில் கடி (அரிப்பு) வரலாம். பிறகு, 2 முதல் 8 கிழமைக்குள் காய்ச்சல், இருமல், தடிப்பு. இரத்தத்தில் ஈயோசினோபில் என்ற ஒருவகை வெண்குருதிக் கலம் கூடியிருக்கும். இங்கே காய்ச்சலென்றால் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள். ஆகவே ஏரியில் குளித்ததை நீங்களாகவே சொல்லுங்கள். அந்நேரம் புழு பெரும்பாலும் முட்டையிடத் தொடங்கியிராது; ஆகவே முட்டையைத் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

பிறகு சலத்தில் முட்டை தேடும்போதுதான் அதிகம் பிழை விடுகிறோம். விடியற்காலைச் சலத்தைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போவது நமக்குப் பழக்கம். இதற்கு அது உதவாது. முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில்தான் முட்டைகள் கூடுதலாக வெளிவரும். கடைசித் துளிகளையும் விடாமல் பிடிக்கவேண்டும். ஆய்வுகூடத்தில் 10 மில்லிலீற்றரை வடிகட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். முட்டையின் நுனியில் முள் இருந்தால் சலப்பையைத் தாக்கும் வகை. பக்கவாட்டில் முள் இருந்தால் குடலைத் தாக்கும் வகை. அதை மலத்தில் தேடவேண்டும். பயணிகளின் உடலில் புழுக்கள் குறைவு, முட்டையும் குறைவு. ஒருநாள் 'இல்லை' என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு 3 நாட்கள் கொடுங்கள்.

புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பொருளை இரத்தத்தில் தேடும் பிறபொருளெதிரிச் சோதனையை, கடைசியாகத் தண்ணீரில் இறங்கி 3 மாதமான பிறகு செய்வதே நல்லது. நோய் மாறிய பிறகும் அது ஆண்டுக்கணக்கில் 'உண்டு' என்றே காட்டும். அதனால் குணமானதை அறிய அது உதவாது.

எழுபது, எண்பதுகளில் நைஜீரியாவிலும் சாம்பியாவிலும் படிப்பித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். புழு பொதுவாகச் சில ஆண்டுகளில் இறந்துவிடும். 30 ஆண்டுக்கு மேல் உயிரோடிருந்ததும் உண்டு. பழைய கதைதானே என்று மறைக்கவேண்டாம்.

மருந்து பிராசிகுவாண்டல். வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 600 மில்லிகிராம் குளிசை 4. வைத்தியர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. வளர்ந்த புழுவையே இது கொல்லும், இளம்புழு தப்பிவிடும். ஆகவே, தொற்றிய புதிதில் மருந்தெடுத்தவர் 6 முதல் 12 கிழமைக்குள் மீண்டும் எடுக்கவேண்டியிருக்கும்.