மேளம் கட்ட வருகிற வீணை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "தஞ்சையின் கைவினைத் தொழில்களை வாழ வைப்பது அரசின் ஆதரவா, ஊர் மக்களின் அன்றாட ஆதரவா?" என்னும் தலைப்பில், ஊர் மக்களின் ஆதரவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் புவிசார் குறியீட்டைத் தம் முதன்மைச் சான்றாக வைத்தார். தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை என்று அவர் அடுக்கிய பட்டியல் முழுவதும் உண்மை. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தக் குறியீடு காப்பது பெயரை. வேறோர் ஊரில் செய்த பொருளைத் தஞ்சாவூர்ப் பொருள் என்று விற்பவர்மீது வழக்குத் தொடர அது வழி தருகிறதே தவிர, உண்மையான பொருளைத் தேடி ஒருவரையேனும் பட்டறை வாசலுக்கு அழைத்து வருவதில்லை.

வீணையைப் பாருங்கள். பலாமரத்தைக் குடைந்து செய்யும் அந்தக் கருவியில், தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. வெயிலாலும் நாள்பட்ட வாசிப்பாலும் மெழுகு தளர்கிறது, மெட்டு தேய்கிறது, சுரம் விலகுகிறது. அப்போது பழைய மெழுகை நீக்கிப் புதிதாக இட்டு, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். மேளம் கட்டுதல் என்று இதைச் சொல்வார்கள். புதிய வீணையை ஒரு வீடு ஒரு தலைமுறைக்கு ஒரு முறை வாங்கினாலே பெரிது. மேளம் கட்டவோ, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்தே ஆக வேண்டும். அப்படி வருகிற வீணைகளால்தான் பட்டறையில் கை ஓயாமல் இருக்கிறது, பக்கத்தில் அமர்ந்திருக்கும் இளைஞனின் காதும் பழகுகிறது. ஊரில் வீணை வாசிக்கும் வீடுகள் குறைந்துபோனால், எந்த மானியத்தைக் கொண்டு அந்தக் காதைப் பழக்குவது?

நெட்டி வேலையும் இதையே சொல்கிறது. நீர்நிலைகளில் வளரும் நெட்டித் தண்டின் வெண்மையான உட்பகுதியைச் சீவிச் செய்த பெரிய கோயில் மாதிரியை, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சிறப்பு விருந்தினருக்கு வழங்குகிறோம். நல்லதுதான். ஆனால் அதே நெட்டியில் கோத்த வண்ண மாலையை மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டுவது டெல்டாவின் பழைய வழக்கம். அது ஆண்டு தவறாமல் வரும் வாடிக்கை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் மாலையைக் கட்டிவிட்டு, அரசு காக்கவில்லையே என்று நாம் வருந்துவது எப்படி முறையாகும்?

அரசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1973இல் தொடங்கப்பட்ட கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் அதன் பூம்புகார் விற்பனை நிலையங்களும் செய்துவரும் பணியை மதிக்கிறேன். ஆயினும் விற்பனை நிலையம் முடிந்த பொருளைத்தான் அடுக்கி வைக்கும். ஊர்க்காரரோ ஓவியப் பட்டறைக்கே வந்து, இந்த அளவில், இந்தத் தெய்வம் என்று சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஓவியருக்குத் தங்கத்தாள் வாங்கும் பணம் அதுதான்.

விலை அதிகம், நடுத்தரக் குடும்பம் என்ன செய்யும் என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஐந்து சுவர்க் கடிகாரங்கள் வந்தன. கொடுத்த ஐவரும் இந்த ஊர்க்காரர்கள். அந்த ஐவரின் பணத்தையும் சேர்த்திருந்தால் பலகையில் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி, கல்லும் பொன்தாளும் பதித்த தஞ்சாவூர் ஓவியமாக ஒரு சிறிய கிருஷ்ணர் எங்கள் கூடத்தில் இருந்திருப்பார். அவ்வளவும் முடியாதவர் நவராத்திரிக் கொலுவுக்கு ஒரு தலையாட்டி பொம்மை வாங்கலாமே!

சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள் என்பது எதிரணியின் கடைசி வாதம். நடுவர் அவர்களே, அடுத்து எழும் எதிரணிப் பேச்சாளர் எனக்கு ஒன்று சொல்லட்டும்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பயணிகள் குறைந்திருக்கும்போது, அந்த மாத வாடகை கட்ட வேண்டிய பட்டறையின் கதவைத் தட்டப்போவது யார்? நன்றி, வணக்கம்.